பாட்டியை அவர் பெயரிலேயே தேடுங்கள்

அமெரிக்காவில் இத்தாலிய வம்சாவளியில் பிறந்த ஒருவர் தன் பாட்டியின் கதையைத் தேடப் புறப்பட்டால், முதலில் போய் நிற்கும் இடம் எல்லிஸ் தீவின் கப்பல் பட்டியல்கள். நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த குடியேறிகளை அந்தத் தீவில்தான் சோதித்து உள்ளே விட்டார்கள். அவர்களின் பட்டியல்கள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. பாட்டியின் பெயரையும் தாத்தாவின் குடும்பப் பெயரையும் சேர்த்துத் தேடுவார். கல்லறையில் அப்படித்தான் பொறித்திருக்கிறது, வீட்டிலும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம். தாத்தா அகப்படுவார். தாத்தாவின் அண்ணன் தம்பிகள் அகப்படுவார்கள். சில சமயம் அப்பாவும் கைக்குழந்தையாக அகப்படுவார். பாட்டியை மட்டும் காணோம். வேறு துறைமுகத்தில் இறங்கியிருப்பாரோ, யார் கண்ணுக்கும் படாமல் வந்திருப்பாரோ என்று சந்தேகம் கிளம்பும்.

பாட்டி அங்கேதான் இருக்கிறார். தன் தகப்பனாரின் குடும்பப் பெயரில் இருக்கிறார்.

இத்தாலிய அரசு ஆவணங்களில் ஒரு பெண், எத்தனை பிள்ளை பெற்றாலும், பிறந்த வீட்டுப் பெயரோடுதான் கடைசிவரை இருப்பார். கப்பலிலும் அந்தப் பெயரிலேயே ஏற்றினார்கள். ஆகவே பட்டியலில் தாய் ஒரு குடும்பப் பெயரிலும், அடுத்தடுத்த வரிகளில் பிள்ளைகள் வேறொரு குடும்பப் பெயரிலும் இருப்பார்கள். இது தெரியாதவர்கள் அவர்களை யாரோ இரண்டு குடும்பத்தார் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். இந்தப் பாட்டிகளின் வாழ்க்கை தொலைந்துபோகவில்லை. நாம் தவறான பெயரில், தவறான பத்தியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு கட்டுக்கதையையும் இங்கேயே தள்ளிவிடலாம். எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். அந்த அதிகாரிகள் யாருக்கும் புதுப்பெயர் எழுதித் தரவில்லை. கப்பல் புறப்பட்ட இடத்தில், நேப்பிள்ஸிலோ பலெர்மோவிலோ ஜெனோவாவிலோ, கப்பல் நிறுவனத்தார் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிறகுதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தொழிற்சாலை மேஸ்திரி ஒருவிதமாகக் கூப்பிட்டார், பிள்ளைகளின் பள்ளி ஆசிரியை ஒருவிதமாக எழுதினார். கொன்செத்தா கானி ஆனார், கார்மேலா மில்லி ஆனார். குடும்பப் பெயரோ கரையிறங்கிய சில நாட்களிலேயே கணவருடையதாகிவிட்டது. அமெரிக்க வழக்கம் அது.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880-க்கும் 1920-க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பான்மையோர் தெற்கத்தியர்கள்: சிசிலி, கலாப்ரியா, பசிலிக்காட்டா, நேப்பிள்ஸைச் சுற்றிய கம்பானியா. 1861-இல் ஒன்றுபட்ட இத்தாலி தெற்கின் ஏழைக்குக் கொடுத்தது வரியும் கட்டாய ராணுவ சேவையும்தான். 1869 முதல் 1884 வரை தானியம் அரைப்பதற்கே வரி இருந்தது. பண்ணையார் நிலத்தில் கூலி, மலேரியா, கொடிமுந்திரியை அழித்த பூச்சி, 1908 டிசம்பர் 28-இல் மெஸ்ஸினாவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன.

முதலில் போனவர்கள் ஆண்கள். தெற்கிலிருந்து வந்தவர்களில் நான்கில் மூவருக்கு மேல் ஆண்கள்தான். இரண்டு மூன்று வருடம் ரயில் பாதை போட்டு, சாக்கடை தோண்டி, பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடுவதே எண்ணம். பலர் அப்படியே திரும்பவும் செய்தார்கள். அந்த வருடங்களில் ஊரில் இருந்த மனைவிமாருக்கு இத்தாலியில் ஒரு பெயர் உண்டு: வெள்ளை விதவைகள். தாலியறுக்காத கைம்பெண்கள் என்று நம் மொழியில் சொல்லலாம். இந்தக் காலத்தைப் பற்றிக் குடும்பக் கதைகளில் அநேகமாக ஒரு வார்த்தையும் இருப்பதில்லை. ஆனால் ஒரு பாட்டியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான காலம் இல்லை என்பது என் எண்ணம். நிலத்தைக் குத்தகை பேசியவர், கப்பல் டிக்கெட்டுக்கு வாங்கிய கடனை அடைத்தவர், அமெரிக்காவிலிருந்து வந்த பணத்தை எதில் போடுவது என்று முடிவெடுத்தவர் எல்லாம் அவர்தான். எழுதப்படிக்கத் தெரியாது, கடிதத்தைப் பாதிரியாரிடமோ ஊர் எழுத்தரிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சட்டமோ 1919 வரை, கணவர் அனுமதியில்லாமல் மனைவி சொத்தை விற்கவோ கடன் வாங்கவோ முடியாது என்றது. அனுமதி தர வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருந்தார், அடுப்பும் வயலும் இங்கே இருந்தன.

பிறகு ஒருநாள், கணவர் அவருக்கான டிக்கெட்டை அனுப்பினார்.

1907-க்குப் பிந்தைய கப்பல் பட்டியலில் ஒருவரைப் பற்றி 29 பத்திகள் இருக்கும். வயது, தொழில், எழுதப்படிக்கத் தெரியுமா, டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார், கையில் எவ்வளவு இருக்கிறது, ஊரில் நெருங்கிய உறவினர் யார், இங்கே யாரிடம் போகிறார், முகவரி என்ன, உயரம், கண்ணின் நிறம், உடலில் அடையாளம். இத்தாலியர்களை வடக்கு, தெற்கு என்று இரண்டு இனமாகவே பிரித்து எழுதினார்கள். இந்தக் கேள்விகள் எல்லாம் அவரை அளந்து பார்ப்பதற்காகக் கேட்கப்பட்டவை. இன்று ஒரு பேத்திக்கு, தன் பாட்டி நான்கடி பத்தங்குல உயரம் என்பதும், அவர் கிளம்பும்போது ஊரில் விட்டுவந்தது தாயை என்பதும் அந்த ஒரு வரியிலிருந்துதான் தெரிய வருகிறது.

பட்டியலோடு சேர்ந்த இன்னொரு தாளைப் பலர் பார்ப்பதே இல்லை. தடுத்து வைக்கப்பட்டவர்களின் பதிவு அது. தனியாக வந்த பெண்ணையும், பிள்ளைகளோடு வந்த தாயையும், அழைத்துப்போக ஆள் வரும்வரை எல்லிஸ் தீவை விட்டு வெளியே விடமாட்டார்கள். காரணம் என்ற இடத்தில் 'கணவரிடம்' என்பதை ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் சுருக்கி எழுதியிருக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு விடுவித்தார்கள் என்றும் இருக்கும். கடைசிப் பத்திகளில் எண்கள்: காலை உணவு எத்தனை, மதிய உணவு எத்தனை, இரவு உணவு எத்தனை. கப்பல் நிறுவனத்திடம் செலவை வசூலிப்பதற்காக எழுதிய கணக்கு. காலை 2, மதியம் 2, இரவு 1 என்று ஒரு வரியில் இருந்தால், அந்தப் பெண் இரண்டு நாள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தலைநிமிர்ந்து பார்த்திருக்கிறார் என்று பொருள். வருடக்கணக்கில் பார்க்காத கணவரின் முகத்துக்காக. சில பிள்ளைகள் தகப்பனை முதன்முதலாகப் பார்த்ததே அங்கேதான்.

அதற்கு முன்பு மருத்துவப் பரிசோதனை. இமையை விரலாலோ பொத்தான் மாட்டும் கொக்கியாலோ திருப்பி டிரக்கோமா கண்நோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் சட்டைமேல் சாக்கட்டியால் ஓர் எழுத்து. பிள்ளைக்குக் கண்நோய் என்று முடிவானால் அதைத் திருப்பி அனுப்பலாம். அப்போது தாய் எந்தப் பிள்ளையோடு போவார், எந்தப் பிள்ளையோடு இருப்பார்? சில குடும்பங்களில், ஊரிலேயே வளர்ந்த ஓர் அத்தையைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதற்கு இது காரணமாக இருந்திருக்கிறது.

1917-இல் எழுதப்படிக்கத் தெரியாதவர்களை அனுமதிக்கக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. தகுதியுள்ள ஆண் ஒருவர் யார் யாரைப் படிப்பறிவு இல்லாமலும் அழைத்துவரலாம் என்ற விதிவிலக்கில் மனைவி, தாய் ஆகியோருடன் பாட்டியும் உண்டு. ஆம், பாட்டி என்ற சொல் சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. ஏழே வருடத்தில், 1924-இல், வந்த சட்டம் இத்தாலிக்கு ஆண்டுக்கு 3,845 பேர் என்று கதவையே சாத்திவிட்டது.

அமெரிக்காவில் அவர் என்ன செய்தார்? இங்கேதான் குடும்பத்தின் வாய்மொழியும் அரசின் காகிதமும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. 'பாட்டி வேலைக்குப் போனதே இல்லை' என்பார்கள் வீட்டில். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்தால், தொழில் என்ற பத்தியில் 'இல்லை' என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றையே சொல்வதால் உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டுமே தவறு.

அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே பாருங்கள். கணவர், மனைவி, பிள்ளைகளுக்குப் பிறகு நான்கைந்து ஆண்களின் பெயர்கள், குடும்பத்தோடு உறவு என்ற இடத்தில் 'தங்கியிருப்பவர்' என்று. ஊர்க்காரர்கள், கணவரின் சித்தப்பா மகன், அவனுடைய நண்பன். அமெரிக்க இத்தாலியர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் 'போர்தாந்தி'. ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தங்கள் நாக்குக்கு வளைத்துக்கொண்டது. அத்தனை பேருக்கும் விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியவர், மதியத்துக்குக் கட்டிக்கொடுத்தவர், சுரங்கத் தூசியும் சாலைத் தாரும் படிந்த உடுப்புகளைத் தண்ணீர் சுமந்து வந்து வெளுத்தவர் தொழில் பத்தியில் 'இல்லை' என்று எழுதப்பட்ட அந்தப் பெண்தான். அந்த வாடகைப் பணம் அவர் சம்பாதித்தது. பிற்பாடு வாங்கிய வீட்டில் அந்தப் பணம் இருக்கிறது.

நியூயார்க்கில் வேறொரு வகை வேலை. வீட்டில் வைத்து மீதித் தையலை முடித்துக்கொடுப்பதற்காகக் கால்சட்டைகளையும் கோட்டுகளையும் கடையிலிருந்து மூட்டையாகக் கட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு இத்தாலியப் பெண்கள் தெருவில் நடந்துபோகும் படங்களை லூயிஸ் ஹைன் எடுத்திருக்கிறார். குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிப்பதற்காக நாடு முழுவதும் அலைந்து படமெடுத்தவர் அவர். கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஒரு சமையலறை மேசையைச் சுற்றித் தாயும் பிள்ளைகளும் செயற்கைப் பூ கட்டும் படங்களும் உண்டு. தொப்பியில் குத்தும் துணிப்பூ; இதழைப் பிரித்து, நடுவே தண்டைச் செருகி, பசை தடவி ஒட்ட வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகூட அந்த மேசையில் வேலை செய்ததை ஹைன் பதிந்திருக்கிறார். பூத்தொடுக்கும் கைகளுக்குப் பூவின் எண்ணிக்கைக் கணக்கில் கூலி. வேலை முடிந்தால் அதே மேசையைத் துடைத்துவிட்டு அதிலேயே சாப்பாடு.

மகள்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களுமே மிகுதி. ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. ஒரே வீட்டைச் சேர்ந்த இத்தாலியத் தாய் ஒருவரும் அவருடைய இரண்டு மகள்களும் ஒன்றாகப் போனார்கள். இளைய மகளுக்கு வயது 14. வேலைக்குப் போகாத பாட்டிகள் என்ற கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூவரும் நினைவுக்கு வருகிறார்கள்.

கணக்கெடுப்புத் தாளில் இன்னும் இரண்டு சிறிய பத்திகள் உண்டு. 1900-இலும் 1910-இலும் திருமணமான பெண்களிடம் மட்டும் கேட்டார்கள்: எத்தனை பிள்ளைகளுக்குத் தாய்? அவர்களில் இப்போது எத்தனை பேர் உயிருடன் இருக்கிறார்கள்? 9, 5 என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு எண்கள் இருக்கும். குடும்பத்தில் ஐந்து பேரைத்தான் எல்லோருக்கும் தெரியும். மற்ற நால்வரைப் பற்றி அறிய இந்த எண்ணைத் தவிர வேறு தடயமே சில வீடுகளில் இல்லை. பிள்ளைகளின் பெயர்களைக் கவனித்தால் இன்னொரு தடயம் கிடைக்கலாம். தெற்கு இத்தாலியில் மூத்த மகனுக்கு அப்பாவின் தந்தை பெயர், மூத்த மகளுக்கு அப்பாவின் தாய் பெயர், அடுத்த மகனுக்கும் மகளுக்கும் அம்மாவின் பெற்றோர் பெயர். தமிழில் பேரன் என்ற சொல்லே பாட்டன் பெயரைத் தாங்கிய பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்தார்கள். வரிசையில் இருக்க வேண்டிய பெயர் இல்லாமலிருந்தாலோ, ஒரே பெயர் இரண்டு முறை வந்தாலோ, அங்கே ஒரு சிறு கல்லறை இருக்கக்கூடும்.

காகிதத்தில் ஒருபோதும் ஏறாதவையும் உண்டு. அவற்றுக்கு வீட்டு நினைவுதான் ஆதாரம். திருஷ்டி கழிப்பது அப்படிப்பட்டது. குழந்தை விடாமல் அழுதால், தலைவலி தீராவிட்டால், தட்டில் தண்ணீர் ஊற்றி ஆலிவ் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். எண்ணெய் பரவி உடைந்தால் கண் பட்டிருக்கிறது. அதற்கான மந்திரத்தை ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் மட்டுமே சொல்லிக்கொடுக்கலாம் என்பது வழக்கம். அந்த இரவில் கேட்டு வைத்துக்கொள்ளாத குடும்பங்களில் மந்திரம் பாட்டியோடு போய்விட்டது. அவர் பேசிய மொழியும் அப்படித்தான். அது பள்ளிக்கூட இத்தாலியம் அல்ல. ஊருக்கு ஊர் மாறும் பேச்சு, அதில் கழிப்பறைக்கு 'பாக்கவுசா', வேலைக்கு 'ஜோப்பா' என்று அமெரிக்கச் சொற்கள் கலந்தது. பேரன் ரோமுக்குப் போய்ப் பாட்டியின் சொல்லைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார்.

ஆனால் சமையல் விஷயத்தில் குடும்ப நினைவை நான் அப்படியே நம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மணிக்கணக்கில் கொதிக்கும் தக்காளிக் குழம்பு, அதில் மிதக்கும் இறைச்சி உருண்டைகள், மேசை நிறைந்த உணவு: இதைத்தான் பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். ஊரில் அவர் வருடத்தில் சில பண்டிகை நாட்கள் தவிர இறைச்சியைக் கண்டதில்லை. ரொட்டி, அவரை, காட்டுக்கீரை, வெங்காயம் இவைதான் அன்றாடம். ஸ்பகெட்டியும் இறைச்சி உருண்டையும் ஒரே தட்டில் சேர்ந்தது அமெரிக்காவில். அங்கே இறைச்சி மலிவு, கூலியும் கையில் வந்தது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் பழமையின் எச்சம் என்று பார்ப்பதைவிட, பட்டினி கிடந்த ஒரு பெண் தன் பிள்ளைகளுக்காகப் புதிதாக உண்டாக்கியது என்று பார்ப்பதே அவருக்குச் செய்யும் நியாயம்.

குடியுரிமைக்கு வருவோம். 1922 செப்டம்பர் வரை அமெரிக்காவில் மனைவியின் குடியுரிமை கணவரோடு ஒட்டியது. கணவர் அமெரிக்கர் ஆனால் மனைவியும் ஆனார். தனியே விண்ணப்பமும் இல்லை, சத்தியப் பிரமாணமும் இல்லை. மாறாக, அமெரிக்காவிலேயே பிறந்த பெண் ஓர் இத்தாலியரை மணந்தால், 1907 சட்டப்படி தன் சொந்த நாட்டுக் குடியுரிமையை இழந்தார். 1922-இல் வந்த கேபிள் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு கணவர் அமெரிக்கர் ஆன வீடுகளில் பாட்டி தாமாக விண்ணப்பித்து, நீதிமன்றம் போய், ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனையோ பேர் போகவே இல்லை. பிள்ளைகள் அமெரிக்கர்கள், வீடு அமெரிக்காவில், தமக்கென்ன காகிதம் என்று இருந்துவிட்டார்கள்.

1940-இல் 14 வயதுக்கு மேற்பட்ட எல்லா வெளிநாட்டவரும் அஞ்சல் நிலையத்துக்குப் போய்ப் பதிந்து, விரல் ரேகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவுக்கும் இத்தாலிக்கும் போர் மூண்டது. குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். புகைப்படமும் விரல் ரேகையும் பதித்த சிறு புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகை வானொலிப் பெட்டி, கேமரா போன்றவற்றை ஒப்படைக்க வேண்டும். கலிஃபோர்னியக் கரையோரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் வீட்டை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு நடந்த கொடுமையோடு இதை ஒப்பிட முடியாது. அவர்களைக் குடும்பம் குடும்பமாக முகாமில் அடைத்தார்கள். ஆனாலும் ஒரு கிழவியின் வாசலில் நடந்தது சிறிய விஷயமல்ல.

ரோசாலியா டிமாஜியோவின் கதை அதற்குச் சாட்சி. பலெர்மோவுக்கு அருகே இசோலா தெல்லெ ஃபெம்மினே என்ற மீனவ ஊரில் பிறந்தவர். கணவர் ஜுசெப்பே 1898-இல் கிளம்பினார். நான்கு வருடம் கழித்து ரோசாலியா மகளோடு பின்தொடர்ந்தார். வெள்ளை விதவைக் காலம் அவருக்கும் இருந்தது. மொத்தம் ஒன்பது பிள்ளைகள். எட்டாவது பிள்ளை ஜோ, 1941-இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் அடித்து அமெரிக்க பேஸ்பால் உலகத்தையே மெய்மறக்கச் செய்தவர். பிற்பாடு மர்லின் மன்றோவை மணந்தவர் என்றால் நம் வாசகர்களுக்கும் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் ஜோவுக்கு மகன் பிறந்தான். சில மாதங்களில், நாடே கொண்டாடிய வீரனின் தாய், கைக்குழந்தையின் பாட்டி, எதிரி நாட்டவர் பட்டியலில் இருந்தார். கணவரோ தாம் மீன்பிடித்து வந்த துறைக்கே போக முடியவில்லை. 1942 அக்டோபர் 12, கொலம்பஸ் தினத்தன்று, இத்தாலியர்கள் மீதான அந்த முத்திரை நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். ரோசாலியா 1944-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பல வீடுகளில் பாட்டிகள் இத்தாலிய மொழி பேசுவதை நிறுத்தியது இந்த ஆண்டுகளில்தான். பேரப்பிள்ளைகளுக்கு அந்த மொழி வராமல் போனது சோம்பலால் அல்ல. 'எதிரியின் மொழியைப் பேசாதீர்கள்' என்று சுவரொட்டி ஒட்டிய காலம் அது.

இப்போது பேரப்பிள்ளைகள் எதிர்த்திசையில் விண்ணப்பிக்கிறார்கள், இத்தாலியக் குடியுரிமை கேட்டு. அங்கேயும் பாட்டி ஒரு முடிச்சு. 1912 சட்டப்படி தாய் வழியாகக் குடியுரிமை இறங்காது. 1948 ஜனவரி 1-இல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கே தாய் வழி உரிமை என்று நிர்வாகம் நின்றது. அதற்கு முன் பிறந்தவர்கள் இன்றும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2009-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025-இல் இத்தாலி சட்டத்தை இறுக்கி, பொதுவாகப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ வரையில்தான் என்று எல்லை போட்டுவிட்டது. கொள்ளுத்தாத்தாவை நம்பியிருந்த பலருக்குக் கதவு மூடியது. பாட்டியின் காகிதம் முன்னெப்போதையும்விட மதிப்புள்ளதாயிற்று.

அந்தக் காகிதத்தைக் கேட்டு இத்தாலிய ஊராட்சிக்கு எழுதுபவர்கள், சுருக்கச் சான்று போதும் என்று விட்டுவிடாமல் பதிவின் முழு நகலைக் கேட்க வேண்டும். பழைய பதிவுகள் பலவற்றை இத்தாலிய ஆவணக் காப்பகங்களின் அந்தெனாத்தி தளத்தில் இலவசமாகவும் பார்க்கலாம். தெற்கில் நெப்போலியன் காலத்திலிருந்தே, 1809 முதல், சிசிலியில் 1820 முதல், பிறப்பும் திருமணமும் எழுதப்பட்டிருக்கின்றன. பாட்டியின் திருமணப் பதிவைத் திறந்தால் மணமகனின் பெயருக்குப் பக்கத்தில் தொழில் இருக்கும்: உழவர். மணமகளின் பெயருக்கு, தகப்பனார் வீட்டுப் பெயருக்கு, பக்கத்திலும் பெரும்பாலும் ஒரு தொழில் இருக்கும். நூல் நூற்பவர் என்றோ, நெசவுக்காரர் என்றோ, உழவுப் பெண் என்றோ ஊர் எழுத்தர் மையால் எழுதியிருப்பார். கீழே, எழுதத் தெரியாததால் கையெழுத்திடவில்லை என்ற குறிப்பும் இருக்கும். நியூயார்க்கில் கணக்கெடுப்புக்காரர் அவருடைய தொழிலைக் கேட்டு 'இல்லை' என்று எழுதியது அதற்குச் சில வருடங்கள் கழித்து.